தமிழிற் கற்பித்த வைத்தியர்: டாக்டர் கிறீன்

பிழைப்பை நாடி மலைத்தொடர் கடந்து இந்நகரிற் குடியேறிய தமிழராகிய நாம், ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூடி நம் மொழிக்கு உழைத்த பெரியோரை நினைவுகூர்வது நம் சங்கத்தின் வழக்கம். இத்திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்து, மகாராஜா கல்லூரியிற் பேராசிரியராயிருந்து, 1897ஆம் ஆண்டில் மறைந்த சுந்தரம் பிள்ளை அவர்களைப் போற்றாத தமிழர் நம்முள் எவருமிலர். புலவர்களையும் பேராசிரியர்களையும் பற்றி எழுத நம்மினும் தகுதியுடையோர் பலருண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயிற் குமாஸ்தாவாகக் காலங் கழிக்கும் நாம், இம்மலருக்குப் புலவரும் அல்லாத, தமிழரும் அல்லாத ஒருவரின் வரலாற்றைத் தேர்ந்துகொண்டோம். அதற்குற்ற காரணத்தை முதற்கண் கூறிவிடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஓரிரவு, ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் நம் மகள் உயிரியற் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். இதயத்தைப் பற்றிய பாடம். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், ஓரெழுத்துப் பிழையின்றி ஒப்பித்தாள். மகிழ்ந்து, வலப்புறத்துக் கீழறையிலிருந்து இரத்தம் எங்கே செல்கிறதென்று தமிழிற் கேட்டோம். குழந்தை விழித்தாள். ஆங்கிலத்திற் கேட்டிருந்தால் அவ்வரி அவள் வாயிலிருந்து உடனே வந்திருக்கும். ஆயினும் வலமேது, இடமேது, நுரையீரல் எங்கே என்னும் காட்சி அவள் மனத்தில் இல்லை. இரத்தம் ஓடாத இதயத்தைக் குழந்தை மனப்பாடம் செய்திருந்தாள்.

அப்பொழுது நமக்கு நாஞ்சில் நாட்டில் நாம் பயின்ற பள்ளி நினைவுக்கு வந்தது. எங்கள் ஆசிரியர் ஒருநாள் கசாப்புக் கடையிலிருந்து ஆட்டின் இதயமொன்றை வாழையிலையிற் பொதிந்து கொணர்ந்தார். அதை நெடுக்காகப் பிளந்து, நான்கு அறைகளையும் காட்டி, எங்களை ஒவ்வொருவராக அழைத்து விரலால் அழுத்திப் பார்க்கச் செய்தார். இடப்புறத்துக் கீழறையின் சுவர் தடித்திருந்தது. வலப்புறத்துச் சுவர் மெலிந்திருந்தது. ஏன் இவ்வேறுபாடு என்று வினவி, எங்களையே சிந்திக்க விட்டார். வலப்பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தைத் தள்ளினாற் போதும். இடப்பக்கமோ தலை முதற் கால் வரை தள்ள வேண்டும். ஆதலின் அதற்கு வலிமை மிகுதி என்பதை வகுப்பில் ஒருவன் கண்டு சொன்னான். முப்பதாண்டுகள் கழிந்தும் அந்தத் தடிப்பு நம் விரல் நுனியில் இருக்கிறது.

அதன்பின் நாம் மேல்வகுப்பிற் சேர்ந்தோம். அங்கே பாடமனைத்தும் ஆங்கிலம். அதே இதயந்தான்; ஆயினும் அதன் அறைகளுக்கும் குழாய்களுக்கும் வழங்கிய பெயர்களை நம்மால் நாவில் ஏற்ற இயலவில்லை. எழுந்து கேட்க நாணமுற்றோம். சில மாதங்களுக்குள் படிப்பை விட்டோம். அறிவுக் குறைவென்றே நெடுங்காலம் நம்மை நாமே நொந்துகொண்டோம். டாக்டர் கிறீன் என்பாரின் வரலாற்றைப் படித்த பின்னரே அந்நோவு ஒருவாறு தணிந்தது. அதனாலேயே அவரைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

அன்னார்க்கும் நம் பழைய திருவிதாங்கூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர், பின் திருவிதாங்கூர்-கொச்சி என்னும் ஆட்சியின்கீழ் இருந்த நாகர்கோயிலில், மீட் பாதிரியார் காலத்தில் தொடங்கிய இலண்டன் மிஷன் அச்சகம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் தமிழில் எழுதப்பெற்ற மேனாட்டு மருத்துவ நூல்களிற் சில, கடல் கடந்து வந்து அவ்வச்சகத்தில் அச்சேறின. அந்நூல்களை எழுதியும் எழுதுவித்தும் வந்தவரே சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அவர் 1822ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரைச் சார்ந்த கிறீன் குன்று என்னும் பண்ணையிற் பிறந்தார். அவருடைய தமையனார் ஆண்ட்ரூ கிறீன், நியூயார்க் மாநகரின் நடுப்பூங்காவை அமைத்தவர்களுள் ஒருவராகவும், அம்மாநகரை விரிவுபடுத்தி ஒன்றாக்கியவராகவும் புகழ் பெற்றவர். தமையனார் ஒரு மாநகருக்கு உழைக்க, இளையவர் எங்கோ இருந்த ஒரு தீபகற்பத்தின் கிராமங்களுக்கு உழைக்கப் புறப்பட்டார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845ஆம் ஆண்டிற் பட்டம் பெற்று, 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவர்க்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து.

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்தில் ஊழியந் தொடங்கியது 1816ஆம் ஆண்டில். 1823ஆம் ஆண்டில் அவர்கள் நிறுவிய வட்டுக்கோட்டைக் குருமடம், கணிதமும் வானநூலும் பிற அறிவியற் கலைகளும் பயிற்றும் உயர்ந்த கல்விச்சாலையாக விளங்கிற்று. டாக்டர் ஸ்கடர், டாக்டர் உவார்ட் என்னும் இருவர் கிறீனுக்கு முன்பே அங்கு வைத்தியம் பார்த்திருந்தனர். கிறீன் வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் இருந்து, பின் மானிப்பாயைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். 1848ஆம் ஆண்டில் ஒரு சில மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவ வகுப்பொன்றைத் தொடங்கினார். பெரிய கட்டடமில்லை; நோயாளிகள் வந்து போகும் வைத்தியசாலையே கல்லூரி. காலையில் நோயாளியை ஆசிரியர் பார்க்கும்போது மாணாக்கர் உடனிருந்து பார்த்தனர்; மருந்து கலந்தனர்; புண் கட்டினர்; அறுவைச் சிகிச்சையில் உதவினர். நூலிற் படித்த உறுப்பை நோயாளியின் உடலிற் கண்டனர். உடலிற் கண்டதற்கு நூலில் விடை தேடினர். இன்று கல்வி வல்லுநர் செய்து கற்றல் என்று போற்றும் முறை அச்சிறு வைத்தியசாலையில் இயல்பாகவே நடைபெற்றது.

ஆயினும் அக்காலத்தில் வகுப்பு நடந்தது ஆங்கிலத்தில். கிறீன் வந்த நாள் முதல் ஆசிரியர் வைத்துத் தமிழ் கற்றார். நோயாளியோடு பேச மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நம்பியிருப்பது அவர்க்கு ஒவ்வாததாயிற்று. 1850க்குப் பிந்திய ஆண்டுகளில் வாந்திபேதியும் அம்மையும் யாழ்ப்பாணத்தில் உயிர்களைச் சூறையாடின. அவற்றின் இயல்பையும் தற்காப்பையும் மக்களுக்கு விளங்கும் மொழியிற் கூறாமல் மருந்து மட்டும் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். அக்காலத்திலேயே கட்டர் என்பார் இயற்றிய உடல்நூலைத் தழுவி அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் மூன்று பகுதிகளுடைய தமிழ் நூல் வெளிவந்தது. இன்றைய சொல்லிற் கூறின் அவை முறையே உடற்கூறியல், உடலியங்கியல், உடல்நலவியல் ஆகும். மகப்பேறு பற்றிய பிரசவ வைத்தியமும் 1857ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பத்தாண்டு உழைப்பில் உடல் நலிவுற்ற கிறீன் தாய்நாடு திரும்பினார். அங்கே உள்நாட்டுப் போர் மூண்டிருந்த 1862ஆம் ஆண்டில் மணம் புரிந்துகொண்டு, துணைவியாருடன் மீண்டும் மானிப்பாய் வந்து சேர்ந்தார். இரண்டாம் முறை வந்த கிறீன் ஓர் உறுதியோடு வந்தார். 1864ஆம் ஆண்டு முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார்.

இம்முடிவுக்கு அவர்க்கிருந்த காரணங்களை ஈண்டுச் சற்று விரித்துரைப்பது தகும். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர் அரசாங்க ஊதியத்தை நாடி வெளியூர்களுக்குச் சென்றனர். எந்தக் கிராமத்து மக்களின் நோய் தீர்க்க அவர்கள் பயிற்றப் பெற்றார்களோ, அக்கிராமங்கள் வைத்தியரின்றியே இருந்தன. அதனோடு நடையுடை பாவனைகளும் மாறித் தம் சுற்றத்தாரிடமிருந்தே அவர்கள் விலகி நின்றனர். தம் மாணாக்கர் தமிழராகவே உடுத்து, தமிழராகவே உண்டு, தம் ஊரிலேயே வாழ்ந்து, தம் மக்களுக்கு வைத்தியம் செய்ய வேண்டுமென்று கிறீன் விரும்பினார். தம் சமயத்தைப் பரப்ப வந்தவர் அவர். அந்நோக்கத்தை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆயினும் தமிழனைத் தம் சமயத்தினனாக்க விரும்பிய அவர், அவனை ஐரோப்பியனாக்க விரும்பவில்லை.

இதனை எல்லோரும் வரவேற்றனர் என்று கருதுவது தவறு. ஆங்கிலம் கற்றால் உத்தியோகம். தமிழ் கற்றால் என்ன கிடைக்கும் என்னும் கேள்வி அன்றும் இருந்தது. மாணாக்கர் தயங்கினர். இக்கேள்வி நியாயமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். மாதச் சம்பளத்தில் வாழும் நமக்கு அதன் வலிமை தெரியும். கிறீனும் அதனைப் பழிக்கவில்லை. தமிழிற் கற்றவன் தேர்ந்த வைத்தியனாக முடியும் என்பதைச் செய்து காட்டுவதையே தம் விடையாகக் கொண்டார்.

அதற்கு முதல் இடையூறு நூலின்மை. ஆகவே கற்பிக்கும் பணியோடு நூலாக்கும் பணியும் சேர்ந்தே நடந்தது. இங்கேதான் அன்னாரின் போதனா முறையிற் சிறந்ததொரு கூற்றை நாம் காண்கிறோம். மொழிபெயர்ப்பை அவர் புலவர்களிடம் ஒப்படைத்துவிடவில்லை; தம்மிடம் பயின்ற மாணாக்கரையே அதில் ஈடுபடுத்தினார். டான்போர்த், சாப்மன், வில்லியம் போல், சுவாமிநாதன் முதலியோர் அவ்வாறு உழைத்தவர். ஒரு நரம்பின் போக்கைத் தாய்மொழியில் எழுத வேண்டுமாயின், அந்நரம்பு எங்கே தோன்றி, எதைக் கடந்து, எங்கே முடிகிறதென்று ஐயமின்றி அறிந்திருத்தல் வேண்டும். பிறமொழிச் சொல்லின் பின்னே அறியாமையை மறைத்துக்கொள்ள அங்கு இடமில்லை. எனவே மொழிபெயர்ப்பே அம்மாணாக்கர்க்குக் கடுந்தேர்வும் ஆயிற்று. தேர்வே அடுத்து வரும் மாணாக்கர்க்குப் பாடநூலும் ஆயிற்று.

கலைச்சொற்களுக்கும் அவர் ஒழுங்கு வகுத்தார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது. அங்குக் கிடைக்காவிடின் வடமொழியை நாடுவது. அங்கும் கிடைக்காவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசைய எழுதிக்கொள்வது. இம்முறையால் ஒரே பொருளுக்கு ஒருவர் ஒரு சொல்லும் மற்றொருவர் வேறொரு சொல்லும் வழங்கும் குழப்பம் நீங்கிற்று. சொற்றொகுதிகளும் தனியே அச்சிடப்பெற்றன.

இவ்வாறு உருவான நூல்களைக் காண்போர் வியப்புறுவர். அறுவை மருத்துவத்தைக் கூறும் இரணவைத்தியம் 1867ஆம் ஆண்டில் வந்தது. கிரே முதலியோரைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872ஆம் ஆண்டில் வந்தது. இன்றும் மருத்துவ மாணவர் கையிற் காணப்படும் கிரேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858ஆம் ஆண்டில். பதினான்கே ஆண்டுகளில் அதன் பொருள் தமிழனுக்குத் தமிழிற் கிடைத்தது. நோய்களையும் மருந்துகளையும் விவரிக்கும் வைத்தியாகரமும், வெல்ஸ் என்பாரின் வேதியியல் நூலைத் தழுவிய கெமிஸ்தமும், டால்டன் என்பாரின் நூலைத் தழுவிய மனுஷ சுகரணமும் அடுத்தடுத்து வந்தன. கெமிஸ்தம் 1875ஆம் ஆண்டினது. மனுஷ சுகரணம் 1883ஆம் ஆண்டினது. எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டன.

நிற்க. அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேற்பட்டவர். அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிற் பயின்றவர். அவர்கள் ஊரூராகச் சென்று குடியேறி வைத்தியம் பார்த்தனர். வாந்திபேதி பரவிய காலங்களில் கிறீனின் மாணாக்கர் மருந்தோடு கிராமங்களுக்குட் புகுந்து பணி புரிந்தனர். தமிழிற் கற்ற மருத்துவம் நோயைத் தீர்க்குமா என்று ஐயுற்றோர்க்கு வேறு சான்று வேண்டுமோ?

மீண்டும் உடல் நலங் குன்றியதனால் 1873ஆம் ஆண்டில் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். பின் திரும்பவில்லை. ஆயினும் ஊஸ்டரில் தாம் பிறந்த பண்ணையில் இருந்துகொண்டே, தம் மாணாக்கரின் மொழிபெயர்ப்புக்களைத் திருத்தும் பணியைக் கைவிடாது நடத்தினார். அஞ்சலும் கப்பலும் மட்டுமே துணையாயிருந்த அக்காலத்தில், பனி பெய்யும் ஊரில் அமர்ந்து ஒருவர் தமிழெழுத்துக்களைத் திருத்திக்கொண்டிருந்த காட்சியைச் சற்றே எண்ணிப் பார்மின். 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். தாம் தமிழர்க்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்னும் செய்தி தம் கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டுமென்று அவர் விரும்பியிருந்தார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் அவர் பெயரால் அமைந்த நினைவு மருத்துவமனை உண்டு.

பெரியாரைப் போற்றும்போது உண்மையை ஒளித்தல் ஆகாது. அவர் தொடங்கிய வகுப்பு அவருக்குப் பின் நெடுநாள் நீடிக்கவில்லை. கொழும்பில் 1870ஆம் ஆண்டில் அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தது. உத்தியோகமும் அதன் பக்கமே இருந்தது. அவர் அமைத்த சொற்களிற் பல இன்று வழக்கிலில்லை. சுகரணவாதம் என்றால் இன்று நம் பிள்ளைகள் திகைப்பர், கெமிஸ்தம் வேதியியலாகிவிட்டது. ஆனால் சொற்கள் மாறுவதனால் முயற்சி தோற்றதென்று கொள்ளலாகாது. பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துப் புதியதை இட்டாலும் பாதை பழைய பாதையே அன்றோ? 1916ஆம் ஆண்டிற் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தமிழ்க் கலைச்சொற்களுக்கெனக் கழகம் அமைத்தபோதும், பின்னாளில் தமிழகத்துப் பள்ளிகளில் உயிரியலும் வேதியியலும் தமிழிற் பாடமானபோதும் சென்றது, கிறீன் முன்னரே நடந்து காட்டிய வழியிலேதான். நாம் ஆட்டிதயத்தைத் தொட்டுக் கற்ற வகுப்பும் அவ்வழியில் ஒரு சிறு நிலையமே.

நம் அலுவலில் இதற்கு நாள்தோறும் சான்று காண்கிறோம். பாதை காக்கும் தொழிலாளருக்குப் பாதுகாப்பு விதிகளை ஆங்கிலப் புத்தகத்திலிருந்து வாசித்தால் தலையசைப்பர். அதே விதியைத் தமிழருக்குத் தமிழிலும் மலையாளிக்கு மலையாளத்திலும் எடுத்துரைத்து, கொடியைக் கையிற் கொடுத்துச் செய்து காட்டச் சொன்னால், மறுகணமே ஐயங்களைக் கேட்கத் தொடங்குவர். கேள்வி பிறந்த இடத்திலேதான் அறிவு பிறந்தது என்று கொள்ளலாம். நம்மை வாழவைக்கும் இக்கேரள மக்களும் இதனை நன்கறிவர். 1962ஆம் ஆண்டிற் கோழிக்கோட்டிற் பிறந்த கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து, அறிவியலை மலையாளத்தில் எளிய மக்களிடம் கொண்டு சென்ற வரலாற்றை உலகமே அறியும். அவர்கள் தம் மொழிக்குச் செய்ததை நம் பிள்ளைகளுக்கு நாம் செய்தால் அவர்கள் மகிழ்வரேயன்றி வருந்தார்.

நம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. ஆங்கிலம் இன்றி இன்று மேற்படிப்பில்லை. நம்மைப் போல் அவர்களும் பாதி வழியில் இறங்கிவிடக் கூடாது. கிறீன் அவர்களும் ஆங்கில நூல்களைப் படித்தே தமிழில் எழுதுவித்தார். அவர் காட்டிய முறை இதுவே: பொருளை முதலிற் கண்ணாற் காட்டு, கையாற் செய்யச் சொல், தாய்மொழியிற் சொல்லச் சொல், அதன்பின் எம்மொழிப் பெயரை இட்டாலும் அது மனத்தில் நிற்கும். பெயரை முதலிற் புகட்டிப் பொருளைப் பின்னர்த் தேடுவது, சரக்கு ஏற்றாத பெட்டிக்குச் சீட்டு ஒட்டுவதை ஒக்கும்.

ஆதலின் சங்கத்துப் பெரியோர்க்கு நம் விண்ணப்பம் ஒன்றுண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறும் தமிழ் வகுப்பில், எழுத்தும் செய்யுளும் கற்பிப்பதோடு, ஒரு மணி நேரம் அறிவியலுக்கும் ஒதுக்குக. பெருஞ்செலவு வேண்டா. முளைகட்டிய பயறு, செம்பருத்திப் பூ, ஒரு கைக்கண்ணாடி போதும். நம்மிடையே வைத்தியரும் ஆசிரியரும் பொறியியலாரும் உள்ளனர். திங்களுக்கு ஒருவர் வந்து தம் கலையைத் தமிழிற் பேசினால் அதுவே போதும்.

நாம் சொல்லிவிட்டு வாளாவிருக்கவில்லை. சென்ற திங்களில் ஒரு ஞாயிறன்று, நம் ஆசிரியர் செய்தவாறே ஆட்டிதயமொன்றை வாங்கி வந்து அடுக்களை முற்றத்திற் பிளந்து வைத்தோம். மகள் முதலில் மூக்கைப் பொத்தினாள். பின் குனிந்து பார்த்தாள். பின் விரலை வைத்தாள். இடப்பக்கம் ஏன் தடித்திருக்கிறதென்று அவளே கேட்டாள். நாம் விடை கூறவில்லை. சற்று நேரங் கழித்து அவளே, தமிழில், விடை கூறினாள். அதன் பின் அந்த ஆங்கிலப் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் இதயத்தில் இடங்காட்டிப் படித்தாள். நூற்றாண்டுக்கு முன் மானிப்பாயில் நடந்த பாடம், நம் ரயில்வே குடியிருப்பின் சிறு முற்றத்திலும் நடந்தது கண்டு கண் கலங்கினோம்.

தமிழர்க்கு வைத்தியராய் வந்து, தமிழரை வைத்தியராக்கிச் சென்ற டாக்டர் கிறீன் அவர்களின் நினைவு நம் பிள்ளைகளின் அறிவில் வாழ்க. வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்!